அட்டைக்கு உள்பக்கம்

செத்துப்போன பிள்ளையின் பேரில் யாராவது பேய்க்கதைப் புத்தகம் கொடுப்பார்களா என்று என் மூத்தார் கேட்டபோது நான் மத்தி மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தி கித்தி பெசகிப் போச்சா ரெஜினா உனக்கு? புள்ளயப் பறிகுடுத்துட்டு அது பேருலயே பேய் புஸ்தகம் குடுக்குறாளேன்னு நாலு பேரு கேக்க மாட்டான்?"

அந்த நாலு பேர் யார் என்று இந்த வயது வரைக்கும் எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. என் மகன் ஜோ காய்ச்சலில் கிடந்தபோது நானும் என் வீட்டுக்காரர் ஸ்டான்லியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரோடு வந்து எட்டிப் பார்த்த நாலு பேரில் அந்த நாலு பேர் இல்லை. இப்போது மட்டும் எங்கிருந்தோ எழுந்து வந்து கேட்கப் போகிறார்களாம். கேட்கட்டுமே.

என் மூத்தார் பால்சாமி, ஸ்டான்லிக்கு அண்ணன். ஊர் ஊராக வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது நல்லூரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். குடும்பத்தில் படித்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பதிலிருந்து கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்பது வரைக்கும் அவர் சொல்வதுதான் நடக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் ஆள் போய் ஒரு வருஷம் திரும்பினால் பூசை வைப்பதோடு நிற்பதில்லை. கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு பொருள் வாங்கிக் கொடுத்து அதில் போனவரின் பெயரை எழுத வேண்டும். எங்கள் கோயில் ஃபேன்களின் இறக்கைகளில் எல்லாம் பெயர்தான். ஃபேன் ஓடாத நாளில் அண்ணாந்து பார்த்தால் பாதி ஊர் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். டியூப்லைட்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டி வெளிச்சம் வருவதே பெரிய பாடு. ஜோவுக்கு வருஷம் திரும்பப் போகிறது என்றதும், அவன் படித்த பங்குப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கொடுக்கலாம் என்று மூத்தார்தான் யோசனை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைக்க நான் அவன் பின்னாலேயே வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். அவன் பேரில் தண்ணீர் மெஷினா? புத்தகம்தான் கொடுப்பேன், அதுவும் அவன் படித்த மாதிரிப் புத்தகம்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

"புஸ்தகம் நல்லதுதான். நான் வேணாங்கல" என்றார் மூத்தார். "ஆனா பயனுள்ளதா இருக்கணும். பொது அறிவு, தலைவர்கள் வரலாறு, இங்கிலீஷ் கிராமர், இப்படி. புள்ளைங்க நாலு எழுத்து கத்துக்கிட்டு முன்னுக்கு வரும். நான் லிஸ்ட்டு போட்டுத் தரேன்."

"ஜோ அதெல்லாம் படிக்க மாட்டான் மாமா."

"செத்தவனா படிக்கப் போறான்?"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். டம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த ஸ்டான்லி திரும்பாமலேயே பேசினார். கல்யாணமானதிலிருந்து அண்ணனுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவ இஷ்டத்துக்கு வாங்கட்டும் வுடுண்ணே. புள்ள என்னா படிச்சான்னு அவளுக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். நான் வேலை பார்ப்பது செராமிக் பொம்மைக் கம்பெனியில், பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற இடத்தில். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் ஜோவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் நீலாவதி அவள் மகள் சண்முகப்ரியாவைக் கூட்டி வருவாள். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்க மூலையில் வைக்கோல் குவித்து வைத்திருப்பார்கள். அதன் மேல் இரண்டும் மல்லாந்து படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கும். பேய் பேசுகிற இடம் வந்தால் ஜோ குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கரகரவென்று படிப்பான். ப்ரியா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னொருவாட்டி படிடா, இன்னொருவாட்டி படிடா" என்று கத்துவாள். நாங்கள் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். முதலாளி வந்து சத்தம் போட்டால்தான் கை நகரும்.

மாதச் சம்பளம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்கு அவனைக் கூட்டிப் போவேன். அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அட்டையை எல்லாம் பார்க்க மாட்டான். முதல் பக்கத்தை நின்றவாக்கில் படிப்பான். ஒரு ஊரில் ஒரு நல்ல பையன் இருந்தான் என்று இருந்தால் அவ்வளவுதான், பட்டென்று மூடி வைத்துவிடுவான். "நல்ல பையன் வந்துட்டாம்மா. இது வேணாம்" என்பான். ஏன்டா நல்ல பையன் மேல் உனக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டால், "அவனுக்கு ஒண்ணுமே ஆவாதும்மா. கடைசியில வாத்தியாரு கையத் தட்டுவாரு. எனக்கு இப்பவே தெரிது, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்பான். பதினோரு வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்கு எந்த வாத்தியார் பதில் சொல்லுவார்? என் மூத்தார் சொல்லுவாரா?

நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நீலாவதி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று தனியாகத்தான் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் பிள்ளைகளுக்கு என்று மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகளைத் திருத்துகிற புத்தகம். ஞாபக சக்தியை வளர்ப்பது எப்படி, கையெழுத்தை அழகாக்குவது எப்படி, பெற்றோரை மதிப்பது எப்படி. பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பிள்ளைகளைக் கண்டால் ஏன் இப்படி ஆகாமல் போகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் ஒவ்வொரு கடையாக நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். நல்ல பையன் வந்தால் மூடினேன். கிணற்றுக்குள் பள்ளிக்கூடம் நடத்துகிற பேய் ஒன்று கிடைத்தது. தலையில்லாத ஆள் ஒருத்தன் தபால் கொடுக்க சைக்கிளில் வருகிற கதை ஒன்று. ஆட்டுத் திருடனைத் தேடிக் கிளம்பி, திருடன் தன் சொந்த சித்தப்பாதான் என்று கண்டுபிடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை. அதை நின்றபடியே முக்கால்வாசி படித்துவிட்டேன். ஜோ இருந்தால் பஸ்ஸில் வரும்போதே முடித்திருப்பான்.

ஒரு கடைக்காரப் பையன் நான் ரொம்ப நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எத்தினி வயசு புள்ளைக்குக்கா?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

"அப்ப இந்த செட்ட எடுத்துக்குங்க. அடுத்த வருஷம் பன்னெண்டு ஆனதும் இதோட ரெண்டாவது பாகம் வரும், அதையும்…"

"அடுத்த வருஷமும் பதினொண்ணுதாம்பா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தான். நான் எடுத்த புத்தகங்களை இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வருஷமாக என் மடி கனத்ததே இல்லை. எங்கள் ஊர் விருத்தாசலம் வரும் வரைக்கும் கட்டைக் கீழே வைக்கவில்லை, கால் மரத்துப்போனது.

புத்தகத்தைப் பார்த்து மூத்தார் மறுபடியும் முகம் சுளித்தார். ஆனால் தம்பி சொன்ன ஒரு வார்த்தைக்காக விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். வெறும் பெயர் எழுதினால் போதாது, ஒவ்வொரு புத்தகத்திலும் அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தில் ஜோவின் போட்டோவை ஒட்ட வேண்டும். "யாரு குடுத்தது, யாரு பேருல குடுத்ததுன்னு தெரியணும்ல? ஃபேன்ல பேரு எழுதுனா அண்ணாந்து பாத்தாத்தான் உண்டு. இது புள்ளைங்க தொறக்கத் தொறக்க அவன் மொகம் தெரியும்" என்றார்.  எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பப் பிடித்திருந்தது. அத்தனை பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதைக்குள் போவார்கள் என்று நினைத்தபோது, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வயிறு பசித்தது.

பல் விழுந்த வாயோடு அவன் சிரிக்கிற போட்டோதான் என்னிடம் நல்லதாக இருந்தது. அதில் கண் பாதி மூடியிருக்கிறது, பிரிண்ட்டில் எடுக்காது என்று அச்சுக்கடைக்காரன் தள்ளிவிட்டான். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைக் கொடுத்தோம். அதில் ஜோ நேராகப் பார்ப்பான். போட்டோக்காரன் சிரிக்காதே என்று அதட்டியிருப்பான் போலிருக்கிறது. அச்சுக்கடையில் இப்படிப்பட்டதற்கு ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கட்டம், ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிற அதே போஸ்டர், உள்ளங்கை அளவுக்குச் சின்னதாக. எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. எங்கள் தெருவில் பிறந்தநாள் போஸ்டரைவிட இதைத்தானே அதிகம் பார்க்கிறோம்.

மூத்தார் ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் கையாலேயே ஒட்டினார். கடைப் பசை ரெண்டு நாளில் விட்டுவிடும் என்று மைதாவைக் காய்ச்சச் சொன்னார். ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் அளந்து, கோணாமல், குமிழ் வராமல், ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஒட்டினார். ஒவ்வொன்றையும் ஒட்டி முடித்ததும் கட்டைவிரலால் அவன் நெற்றியை ஒரு தடவை தடவினார். கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது ஜோ தப்பாகச் சொன்னால் அந்த இடத்தில்தான் குட்டுவார்.

பூசை அன்றைக்கு ஃபாதர் புத்தகங்களின் மேல் தீர்த்தம் தெளித்தார். ஆறாம் வகுப்புக்கு வெளியே நடையில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்தார்கள். பிள்ளைகள் வேண்டியதை எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்று தலைமை சிஸ்டர் ஜெபக்கூட்டத்தில் சொன்னார். மூத்தார் சும்மா வரவில்லை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். பொது அறிவு, தலைவர்கள், கிராமர். "இது என் பங்குக்கு" என்று கீழ்த்தட்டில் அடுக்கினார். அவற்றில் ஒட்ட போட்டோ மிச்சமில்லை. சரி இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு நாள் சீக்கிரம் வேலை விட்டார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அங்கே போய் நின்றேன். யாருடைய பிள்ளையையும் கூட்டி வர வேண்டியதில்லாத ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். உள்ளே போனேன். அலமாரியில் கீழ்த்தட்டு பாதிக்கு மேல் காலி. மூத்தாரின் புத்தகங்கள் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. இருந்த ஒன்றிரண்டிலும் ஓரம் மடங்கி, மை பட்டு, நன்றாகக் கை பட்ட அழுக்கு. மேல்தட்டில் நான் வாங்கிய புத்தகங்கள் கண்காட்சியில் கட்டிக் கொடுத்த வாக்கில் அப்படியே நின்றன. ஒன்றை எடுத்துத் திறந்தேன். பசை காய்ந்து அட்டை மொறுமொறுவென்று சத்தம் போட்டது. ஒரு தடவைகூட யாரும் திறக்கவில்லை.

"பசங்க பொது அறிவுதாம்மா விரும்பி எடுக்குறாங்க" என்றார் சிஸ்டர். "இப்பல்லாம் புள்ளைங்க தெளிவா இருக்குதுங்க. கத கிதல்லாம் போன்லயே பாத்துடுதுங்க."

மூத்தாருக்கும் சேதி போயிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு போன் செய்தார். "நான் அப்பவே சொன்னனா இல்லியா? புள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு புள்ளைங்களுக்கே தெரியுது ரெஜினா" என்றார். அதில் குத்தல்கூட இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நான் சரிங்க மாமா என்று வைத்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. என் பிள்ளை ஒருத்தன்தான் உலகத்திலேயே அப்படி இருந்தானா? அவனுக்குப் பிடித்தது வேறு ஒரு பிள்ளைக்கும் பிடிக்காதா? வைக்கோல்மேல் படுத்துக்கொண்டு இன்னொருவாட்டி இன்னொருவாட்டி என்று கத்தினாளே ப்ரியா, அவள்கூடவா எடுக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக நீலாவதி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாதிரி இருட்டு வந்தது. ப்ரியா உள்ளே கட்டில்மேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏன் கண்ணு, ஜோ அலமாரியில நீ ஒரு புக்குகூட எடுக்கலியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"பரீட்ச வருதில்ல ரெஜி" என்றாள் நீலாவதி. "அது முடியட்டும்னுதான்…"

"எடுத்தேன் ஆன்ட்டி" என்றாள் ப்ரியா. "கெணத்துப் பேய் புக்கு. அம்மாதான் மறுநாளே குடுத்துடச் சொல்லிச்சு."

நீலாவதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தப்பா எடுத்துக்காத ரெஜி. நீ என் கூடப்பொறந்தவ மாரி. ஆனா வூட்டுக்குள்ள அத எப்பிடி வெக்கிறது, சொல்லு. தேதிலாம் போட்டு, மெழுகுவத்தி போட்டு… என் மாமியா பாத்துட்டு, எழவு வூட்டு போட்டோவ எதுக்குடி படிக்கிற எடத்துல வெச்சிருக்கன்னு ஒரே சண்ட. இதுவும் தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கினு அழுவுது."

"கதை பயமா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டேன். கதை என்றே அவள் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கதை செமயா இருக்கு ஆன்ட்டி. படிக்கசொல்ல பயமே இல்ல. படிச்சிட்டு மூடசொல்லதான்… அவன் பாக்குறான். சிரிக்கவே மாட்டேங்குறான். ஜோ அப்பிடி பாக்கவே மாட்டான் ஆன்ட்டி." ஹோம்வொர்க் நோட்டை மூடினாள். "ஸ்கூல்ல யாரும் மேல் தட்டத் தொட மாட்டாங்க. அந்த புக்க வூட்டுக்கு எடுத்துப் போனா ஜோ பின்னாடியே வருவானாம். செவன்த் அண்ணனுங்க பெட் கட்டித் தொட்டுட்டு ஓடுவாங்க."

நீலாவதி அவள் தலையில் ஒன்று வைத்தாள். நான் தடுக்கவில்லை.  பேய்க்கதை கொடுக்கப் போய் என் பிள்ளையையே பேயாக்கி வைத்திருக்கிறார்கள். அடப்பாவிகளா! கரகரவென்று குரல் மாற்றிப் படித்துவிட்டு, ராத்திரி கக்கூசுக்குப் போகத் துணைக்கு என்னை எழுப்புவானே, அவனா உங்கள் பின்னால் வரப் போகிறான்? வந்தால்தான் என்ன? எனக்கு வரச்சொல்லுங்களேன், நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

"ஒம் பொண்ணுக்கு அவன் டிபன் பாக்ஸுல பாதிய எத்தினி நாளு குடுத்திருப்பான் நீலா" என்றேன். அது அநியாயமான பேச்சு என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பொம்மைக்கு வர்ணம் தீட்டினோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஸ்டான்லியிடம் சொன்னேன். அவர் சூளையில் வேலை பார்த்துவிட்டு வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். போட்டோவை எடுத்துவிட்டால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொன்னேன். துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துட்டா அப்புறம் அது வெறும் புக்குதான ரெஜினா" என்றார். "யாரு வாங்குனதுன்னு யாருக்குத் தெரியும்? ஒலகத்துல அவன் மொகம் ஒட்டியிருக்கிற எடம் அது ஒண்ணுதான். இருந்துட்டுப் போவட்டும். படிக்காட்டிப் போறானுங்க."

அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. மூடிக்கிடந்தால் கிடக்கட்டும், கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த ஏழாம் வகுப்புத் தடியன்கள் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். பார்த்துப் பயப்படுவதற்கென்றே ஒரு முகமாக என் பிள்ளை அங்கே இருக்க வேண்டுமா?

சனிக்கிழமை சிஸ்டரிடம் போய், போட்டோ சரியாக ஒட்டவில்லை, சரி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரிச் சாவியைக் கொடுத்தார். நடையில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பழைய வேட்டித் துணி. வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். முதல் புத்தகத்தைத் திறந்து, துணியை நனைத்து அவன் முகத்தின்மேல் போட்டேன். காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டதும் இந்தக் கைதான். பசை ஊறட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன்.

மூத்தாரின் மைதா அவ்வளவு லேசில் விடுமா? முழுசாக வரவில்லை. மெழுகுவர்த்தி வந்தது, தேதிகள் வந்தன, சட்டைக் காலர் வந்தது. முகம் வரவில்லை. சுரண்டத்தான் வேண்டியிருந்தது. மோவாயிலிருந்து மேலே சுரண்டினேன். கண்ணுக்கு வரும்போது என்னால் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சுரண்டினேன். நனைந்த காகிதம் நகத்துக்கு அடியில் திரி திரியாக ஏறியது. ஒன்று முடிந்தது என்று வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தால் மறுபடியும் முழு முகத்தோடு என்னைப் பார்க்கிறான். அப்படியே ஒவ்வொன்றாக. சாவு ஒரு தடவைதான் என்று யார் சொன்னது? சுரண்டியதை எல்லாம் கீழே போட மனசு வரவில்லை. மடியில் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

பாதி முடிந்திருக்கும்போது ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து நின்றாள். ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்தவளோ, யாருக்காவது காத்திருந்தவளோ. இந்த வருஷம்தான் சேர்ந்தவளாக இருக்க வேண்டும், எனக்குத் தெரியாத முகம். இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது. நான் முடித்து வெயிலில் காய வைத்திருந்த வரிசையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். தலையில்லாத தபால்காரன் புத்தகத்தை எடுத்தாள். அட்டையைத் திறந்தாள். உள்பக்கத்தில் ஈரம் காயாத, பிசுபிசுத்த ஒரு வெள்ளைத் திட்டு. அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இது யாரு புக்கு ஆன்ட்டி?"

தொண்டை வரைக்கும் பெயர் வந்தது. சொன்னால் யார் என்று கேட்பாள். எங்கே என்று கேட்பாள்.

"யாருதும் இல்ல பாப்பா. நீ எடுத்துக்க."

அவள் அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு அசைவது நின்றுவிட்டது, கண் மட்டும் ஓடியது. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினாள், மூன்றாவதைப் புரட்டினாள். வெளியே யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. எதற்கோ பக்கென்று சிரித்து, சிரித்த வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு மேலே படித்தாள். ஒரு தடவைகூட அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் மடியில் அடுத்த புத்தகம் திறந்திருந்தது. அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் துணியை நனைத்தேன்.